நாற்பத்தேழாம் எண் சங்கு

அக்டோபர் 12, ஞாயிறு
அப்பாவின் கீபோர்டைத் துடைத்து வைத்தேன். 1988-இல் ஜப்பானில் செய்தது. அறுபத்தொரு கட்டைகள். மெதுவாகத் தொட்டால் மெல்லிய சத்தம், ஓங்கித் தட்டினால் பெரிய சத்தம். அழுத்திய விரலை எடுக்காமல் இன்னும் அமுக்கினால் சத்தம் நடுங்கும். கம்பெனி வைத்த ஒலிகள் முப்பத்திரண்டு. அடுத்த முப்பத்திரண்டும் அப்பா தானே உருவாக்கியவை. அதில் 47-ஆம் எண், சங்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் பஜனைக் குழுவோடு வாசிக்கும்போது, நிஜச் சங்கென்று நினைத்து ஆட்கள் நின்று பார்ப்பார்களாம்.

ஆடி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை வராது. பேச்சும் கம்மி.

அக்டோபர் 14
ஆன் செய்ததும் சின்னத் திரையில் ‘சேஞ்ச் பேட்டரி’ என்று வருகிறது. நானே மாற்றி அப்பாவை அசத்த வேண்டும்.

அக்டோபர் 18, சனி
அடியில் பத்து திருகாணி. உள்ளே வட்டமான பேட்டரி. கழற்றிப் புதியதைப் போட்டேன்.

அப்பாவின் ஒலிகள் ஒன்றுகூட இல்லை. முப்பத்திரண்டு இடத்திலும் ஒரே ‘பீப்’.

நான் என்ன பண்ணிட்டேன்?

அக்டோபர் 19
பேட்டரி மாற்றும் முறை, கையேட்டில் 88-ஆம் பக்கம். 87-இன் அடியில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது: ஒலிகளை முதலில் மெமரி கார்டில் சேமிக்கவும், அவை அழியாமல் இருப்பதே இந்த பேட்டரியால்தான். எல்லாப் புத்தகத்தையும் முன்னுரையிலிருந்து படிக்கிறவள் நான். இதை மட்டும் நடுவில் திறந்தேன்.

அக்டோபர் 20
தீபாவளி. யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 21
பஜனைக் குழு முருகவேல் சித்தப்பா வந்தார். “இன்னாண்ணா, இந்தப் பௌர்ணமிக்குப் பொட்டிய எடுத்துக்கினு போகட்டா? உன் சங்கு இல்லாம ஜனங்க நிக்கவே மாட்டேன்றாங்க.” அப்பா சிரித்தார் — ஆடிக்குப் பிறகு முதல்முறை. “போட்டுக் காட்டும்மா,” என்றார்.

47-ஐ அழுத்தினேன். பீப்.

“சங்கு கேட்டா ரிவர்ஸ் எடுக்கிற லாரி மாதிரி கத்துது!” என்று சித்தப்பா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். “பேட்டரியா?” அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 23
“சங்கு செஞ்ச எண்ணெல்லாம் எழுதி வைக்கலியாப்பா?” இடது கையால் கீபோர்டைக் காட்டினார். “அதுலதான் இருந்துது.”

சங்கை மறுபடி உருவாக்குகிறோம். சத்தம் எழும் வேகம், தேயும் வேகம், நடுக்கம் — ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நான் மாற்றி வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார், எண்களைக் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதுவேன். இன்று ஆறு முறை. ஆறும் “இல்ல”.

அக்டோபர் 29
பதினேழாவது. இல்ல.

நவம்பர் 2, ஞாயிறு
இருபத்துமூன்றாவது. “இல்லம்மா.” எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்த்துவிட்டார்.

நவம்பர் 4
கிடைச்சிடுச்சு! இன்று கேட்டதுமே அப்பா கண்ணைத் திறந்தார். “இதான். இதேதாம்மா. வச்சிடு.” 47-இல் சேமித்து, சங்கு என்று பெயரும் போட்டேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

பிறகு எண்களை எழுத நோட்டைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமையின் அதே எண்கள். நான் எதையுமே மாற்றாமல் வாசித்திருக்கிறேன். பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: இல்லை.

நவம்பர் 5, பௌர்ணமி
சித்தப்பா ஆட்டோவில் பெட்டியை எடுத்துப் போனார். மாலை ஆறு மணிக்கு மைக்கில் சங்குச் சத்தம் வீடுவரை கேட்டது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஜன்னலைச் சாத்தவா என்றேன்.

“வேணாம். நல்லாதான் இருக்குது.” பிறகு, திரும்பாமலே சொன்னார்: “பேரு மட்டும் வேற வச்சிடு.”