வாண்டு நின்ற வரிசை

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் வாண்டுவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நன்றாக மூடிக்கொண்டு, சௌக்கியமாக இருக்க வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதினோரு வருஷமாக நீ போன் செய்து நான் எடுத்தால் அம்மா இருக்காங்களா என்று கேட்பாய், நானும் இதோ என்று கொடுத்துவிடுவேன், அதற்கு மேல் நமக்குள் பேச்சு ஓடியதில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தில் பாதியில் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு நழுவ முடியாது பார்.

பள்ளிக்கூடம் திறந்த நேரம், நம் தையல் கடையில் மூச்சு விட முடியவில்லை. சீருடை மூட்டை வாசல் வரைக்கும் அடுக்கிக் கிடக்கிறது, ஓவர்லாக் மெஷின் வேறு வாரத்துக்கு ஒரு நாள் மக்கர் பண்ணுகிறது. அம்மா பட்டனுக்குக் காஜா எடுத்து எடுத்துக் கட்டைவிரல் மரத்துப்போச்சு என்கிறாள், கண்ணாடி போடு என்றால் எனக்கென்ன வயசாயிடுச்சான்னு சண்டைக்கு வருகிறாள், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பிள்ளை நீ சொன்னால் கேட்பாள். நீ கிளம்பிப் போன வருஷம் பிறந்த உன் தங்கை இப்போது ஆறாம் வகுப்பு. தங்கை என்று நான் எழுதுவது வாண்டுவுக்குப் பிடிக்குமா என்றுகூட இன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன்.

வாண்டு படிப்பது நான் சீருடை தைத்துக் கொடுக்கிற பள்ளியில்தான், அங்கே ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அரைக்கால் சட்டை, ஆறிலிருந்து பையன்களுக்குப் பேண்ட், பெண் பிள்ளைகளுக்கு ஸ்கர்ட். வழக்கம்போல அளவெடுக்கப் போனேன், நடைபாதையில் இரண்டு வரிசை. குனிந்த தலை நிமிராமல் டேப்பைச் சுற்றிக்கொண்டே வந்தேன், நிமிர்ந்து பார்த்தால் பையன்கள் வரிசையில் ஏழாவதாக நம் வாண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ பரீட்சைக்கு வந்த மாதிரி நிற்கிறது. தப்பு வரிசைல நிக்கிற, அந்தப் பக்கம் போ என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னேன். அந்தப் பக்கம் போய் நின்றது. வீட்டுக்கு வந்துதான் பேசியது. எனக்கு ஸ்கர்ட் வேண்டாம், அதைப் போட்டா வேற யாரோ மாதிரி இருக்கு, என்னைப் பையன்னு நினைச்சாத்தான் எனக்கு நான் மாதிரி இருக்கு என்றது. நான் எல்லாம் சரியாப் போயிடும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டேன். பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்திருக்கிறது, சரியாகப் போகவில்லை.

பக்கத்துச் சாவிக்கடைக்காரர், நல்ல மனுஷர்தான், ரெண்டு போடு போட்டா எல்லாம் தெளியும் என்றார். நான் அடிக்கவில்லை, அதைவிட மோசமான ஒரு வேலை செய்தேன். எனக்குத் தையல் தெரியும் இல்லையா, அந்தத் திமிர். முன்னால் பார்த்தால் எட்டு மடிப்பு வைத்த ஸ்கர்ட், உள்ளே நடுவில் பிரித்துக் கால் வைத்த அரைக்கால் சட்டை. ராத்தூக்கம் கெட்டு யோசித்துத் தைத்தேன் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். வாண்டுவிடம் இது கால்சட்டைதான் என்றேன், பள்ளியில் கேட்டால் ஸ்கர்ட்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், பாம்பும் சாகாது கம்பும் உடையாது என்று எனக்கு ஒரே சந்தோஷம். முதல் நாள் குதித்துக்கொண்டு போனது. அங்கே வகுப்பு ஆசிரியை நிற்க வைத்து, ஸ்கர்ட் எவ்வளவு அழகா இருக்கு, அப்பா கைவண்ணமா என்று எல்லாருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினார்களாம். வாண்டு வந்து அதைக் கழற்றி, மடித்து, கட்டிங் டேபிள் மேல் வைத்துவிட்டு, அப்பா, இது எனக்குத் தைச்சதா, அவங்களுக்குத் தைச்சதா என்று கேட்டது. அழுதுகொண்டு கேட்டிருந்தால்கூட சமாளித்திருப்பேன். அன்றையிலிருந்து எட்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, சாப்பாடும் பேருக்குத்தான்.

அம்மா வாண்டுவைக் குழந்தைகள் டாக்டரிடம் அழைத்துப் போனாள், நானும் போனேன். எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா வாண்டுவிடம் அரை மணி பேசினார்கள். அப்புறம் எங்களைக் கூப்பிட்டு, இது நோய் இல்லைங்க, அதனால மருந்தும் இல்லை, இதுக்கு என்ன பேர்னு இன்னைக்கே முடிவு பண்ண அவசரப்படாதீங்க என்றார்கள். பையன் மாதிரி இருக்கப் பிடிக்கிற பொண்ணாவும் இருக்கலாம், தன்னைப் பையனாவே உணர்ற குழந்தையாவும் இருக்கலாம், அது போகப் போக வாண்டுவுக்கே தெரியும், நீங்க மாத்தவும் பாக்காதீங்க, தள்ளவும் தள்ளாதீங்க, வீடு தன் பக்கம்னு அதுக்குத் தெரியணும், அவ்வளவுதான் என்றார்கள். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாத பாதிக்காகப் பிள்ளையைப் பட்டினி போட முடியுமா சொல்லு.

மறுநாள் தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனேன். பேண்ட் போட்டு வர அனுமதி வேண்டும், விதியில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர்கள் அலமாரியைக் குடைந்து ஒரு பழைய தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். பையன்கள் பேண்ட், பெண்கள் ஸ்கர்ட், எத்தனை மீட்டர், எத்தனை பட்டன். என் கையெழுத்து. இருபது வருஷத்துக்கு முன்னால் முதல் ஆர்டர் வந்தபோது துணி வெட்ட வசதியாக இருக்கட்டும் என்று நான் எழுதிக் கொடுத்தது. அதுக்கு முன்னால நிறம் சரியா இருந்தா போதும்னு விட்டுட்டாங்களாம் சார், நீங்க குடுத்ததைப் பலகைல ஒட்டினாங்க, அப்புறம் யாரும் கழட்டலை, அதுவே விதி ஆயிடுச்சு என்றார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது நான்தான். எந்தச் சட்டத்துக்குப் பயந்து பிள்ளையை ஏமாற்றினேனோ அதை எழுதினவனே நான். மாத்தி எழுதிக் குடுங்க, நிர்வாகத்துல நான் பேசிக்கறேன், அதுவரைக்கும் பேண்ட்ல வரட்டும், ஆசிரியர்கள் கழிப்பறையைப் பயன்படுத்திக்கட்டும், கேலி பண்றவங்களை நான் பார்த்துக்கறேன், ஆனா பிள்ளையை வீட்ல வெச்சுக்காதீங்க என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பேண்ட், ஸ்கர்ட் என்று மட்டும் எழுதினேன், யாருக்கு என்று எழுதவில்லை.

அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து உன் நினைப்புதான். அந்தப் பட்டியல்படி தைத்த முதல் வருஷ ஸ்கர்ட்டுகளில் ஒன்றைத்தான் நீ போட்டுக்கொண்டு, உனக்கு அப்போது பத்து வயது, கடைக் கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி மடிப்பு விரிகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ சிரித்துக்கொண்டிருந்தாய், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் மர ஸ்கேலால் உன் கெண்டைக்காலில் அடித்தேன், எத்தனை அடி என்று எண்ணவில்லை, அம்மா வந்து தடுக்கிற வரைக்கும். அதன்பிறகு நீ கடைக்குள் கால் வைக்கவில்லை, நான் ஊரெல்லாம் பையனுக்குப் புத்தி வந்துடுச்சுன்னு சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது விளையாட்டா, வேறு ஏதாவதா, நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இந்த இருபது வருஷத்திலும் கேட்கவில்லை. இப்போதும் பதில் சொல் என்று கேட்கவில்லை, அது உன் இஷ்டம். நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு. இதை எழுத மூன்று தாள் கிழித்தேன், அம்மாவுக்குத் தெரியாது.

வாண்டு நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிறது. பேண்ட் தைத்தாகிவிட்டது, பாக்கெட் ஆழமா வேணும், பொய்ப் பாக்கெட் வைக்கக் கூடாது என்று பக்கத்திலேயே நின்று காவல் காத்தது, என் மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, வரும்போது வரட்டும். கேலி இருக்கும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வாசல் வரை நானும் கூடப் போகிறேன். முடிந்தால் சாயந்திரம் வாண்டுவைக் கூப்பிட்டுப் பேசு, அண்ணன் என்ன நினைக்கிறான் என்று நாலு தடவை கேட்டுவிட்டது.

நீ எங்கே இருந்தாலும், எப்படி இருந்தாலும், குறையில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பா அம்மா இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. பல் வலி என்றாயாம், தள்ளிப்போடாமல் காட்டு. அப்புறம், என் அளவு நோட்டில் உன் பக்கம், வீட்டில் வைத்து எடுத்த பதினெட்டு வயது அளவோடு நிற்கிறது. இப்போதைய தோள், இடுப்பு, உயரம் எழுதி அனுப்பு. என்ன தைக்க வேண்டும் என்பதையும் நீயே எழுது, எதுவாக இருந்தாலும் தைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா