பஸ் கூரையில் பதிந்த கை

குரும்பலூர்

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். உன் தங்கை சண்முகப்பிரியா பிள்ளைகளோடு வந்து போனாள், நீ அனுப்பிய சாக்லேட்டை ஒரே மூச்சில் தின்றுவிட்டு இரண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டன. வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது.

நீ காலேஜுக்குப் போய்வந்த பாலாஜி வீட்டு பஸ் ஞாபகம் இருக்கிறதா? ரஞ்சன்குடிப் பக்கம் கருவேலம் புதருக்குள் இத்தனை நாள் கிடந்ததை எடுத்து வந்து ரோட்டோர ஷெட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். பழையபடி ஆக்கி ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்கு ஆள் ஏற்றப் போகிறார்களாம். உள்ளே பெயிண்ட் அடிக்கும் வேலை அப்பாவுக்கு, உப்புத்தாள் தேய்க்கும் வேலை எனக்கு. கீழே வெளிர்பச்சை, மேலே கிரீம், பழைய நிறமேதான். சிமெண்ட் லாரி போகிற ரோடு என்பதால் தூசி விழாமல் இருக்க ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு, கதவைப் பூட்டிவிட்டுத்தான் மத்தியானம் சாப்பிடப் போவோம். சாவி என் இடுப்பில் இருக்கும்.

முதல் நாள் சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால், கூரையில் ஈரப் பெயிண்டில் ஓர் உள்ளங்கை பதிந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் ஸ்டூல் போட்டால்தான் அங்கே எட்டும். அப்பா என்னைத்தான் திட்டினார். தேய்த்து மறுபடி அடித்தோம். மறுநாளும் பூட்டு பூட்டியபடியே இருந்தது, கையும் அதே இடத்தில் இருந்தது. பயலுவ கை வெச்சு வெச்சு நின்ன தகரம், வேர்வையும் எண்ணெயும் ஊறிக் கெடக்கும், அதான் மேல வருதுன்னு அப்பா சொன்னார். நானும் நம்பினேன். நெடுமரமாக வளர்ந்த நீயும் கூரையில் கையை ஊன்றிக்கொண்டுதானே நின்று போவாய்.

சுரண்ட ஸ்டூலில் ஏறினேன். உள்ளங்கை நடுவில் சாய்வாக ஒரு தழும்பு. எட்டாவது படிக்கும்போது பைக் சைலன்சரைப் பிடித்துச் சுட்டுக்கொண்டாயே, அதே தழும்பு. சரி, என் பிள்ளையின் பழைய கைதான் என்று தேற்றிக்கொண்டு விரல்களைப் பார்த்தேன். நான்குதான் இருந்தன. மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் பெயிண்ட் வழவழவென்று கிடந்தது. காலேஜ் போன காலத்தில் உனக்கு ஐந்து விரலும் இருந்ததேடா.

அப்பாவும் ஏறிப் பார்த்தார். இறங்கி டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். நேற்று போய்த் தொட்டுப் பார்த்தேன். சுற்றிலும் காய்ந்து இறுகிவிட்டது, அந்தக் கை மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ராசா. நீயும் இப்போதெல்லாம் போனில் முகத்தை மட்டும்தான் காட்டுகிறாய். சாப்பிடுகிற தட்டைக் காட்டு என்றால் சாப்டாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். உன் பட்டறையில் தகடு வெட்டுகிற மிஷின் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. புள்ளகிட்ட அபசகுனமா எதையும் கேட்டுத் தொலைக்காதன்னு அப்பா சொல்லிவிட்டார். அதனால்தான் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

ஒன்றும் இல்லையென்றால் கிறுக்குப் பிடித்த அம்மா என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரி, எனக்குச் சந்தோஷம்தான். ஏதாவது ஆகியிருந்தால் மறைக்காமல் கிளம்பி வா, சோறு பிசைந்து ஊட்ட நான் இருக்கிறேன். மாரியம்மனுக்கு மாவிளக்கு, ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவத்தி என்று இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

லீவு முடிந்து விமானம் ஏறி உன் கேம்ப்புக்குத் திரும்பி வருகிற அசோக்கிடம் முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன். மறக்காமல் வாங்கிக்கொள். நீ இரண்டு கையையும் நீட்டி வாங்கினால்தான் இந்தக் கடிதத்தைத் தர வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். உன் கையைப் பார்த்ததும் எனக்குப் போன் பண்ணிவிடுவான். நீ இந்த வரியைப் படிக்கும்போது எனக்குத் தெரிந்துபோயிருக்கும்.

உன் அம்மா,
ம. கலியம்மாள்