சோறு போட்ட கை

குன்னம்
12.3.2003

ஜெயசுதாவுக்கு,

அண்ணி என்று எழுத மனம் வரவில்லை. அண்ணன் செத்து இருபது நாள் ஆகிறது. கருமாதியன்று உலக்கையால் உன் வலது கையை உடைத்ததற்கு நான் துளியும் வருத்தப்படவில்லை. அவனை முந்தானையில் முடிந்துகொள்ள இடுமருந்து கலந்து சோறு போட்டது அந்தக் கைதானே? மருந்து எடுக்கிறவர் அவன் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சித் துப்பிய மயிர் உருண்டையை ஊரே பார்த்தது. நாற்பது வயதில் ரத்தமாகக் கக்கிச் செத்தான்.

பிரசாத்தை அனுப்பி வை. அவன் எங்கள் ரத்தம். நீ குன்னத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மிச்சமிருக்கிற கையையும் முறிப்பேன்.

நல்லுசாமி


தா.பழூர்
2.4.2003

தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

உங்கள் அப்பாவும் இப்படித்தான் கக்கிச் செத்தார். அவர் கூடப்பிறந்த உங்கள் அத்தை சின்னப்பிள்ளையும் அப்படித்தான். அப்போது நான் பாவாடை கட்டிய பிள்ளை. அவர்களுக்கு மருந்து வைத்தது யார்? உங்கள் அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம் என்று உங்கள் காலில் விழுந்தேன். "வச்சவளே வழி சொல்றா பாரு" என்று எட்டி உதைத்தீர்கள்.

பிரசாத் வர மாட்டான். உலக்கையை ஓங்கியபோது அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

ஜெயசுதா


குன்னம்
9.8.2006

அண்ணி அவர்களுக்கு,

கிழித்துப் போடாதீர்கள். பிரசாத்துக்காகப் படியுங்கள்.

எனக்கும் வந்துவிட்டது, வயிற்றில் புற்று. "ஒங்க குடும்பத்துல இதுல யாராச்சும் செத்திருக்காங்களா?" என்றார் டாக்டர். விரல் மடக்கினேன். அப்பா, அத்தை, அண்ணன். நீங்கள் அன்றே எழுதியதுதான்.

வயிற்றுச் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்க ஒரு மரபணு இருக்கிறதாம், செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் மாதிரி. அது எல்லோருக்கும் இரண்டு. எனக்கு ஒன்று பிறவியிலேயே பழுது, அப்பாவிடமிருந்து வந்தது. இன்னொன்றும் பிறகு கெட்டுப்போக, புற்று பரவிவிட்டது. அண்ணனுக்கும் இதுதான் என்கிறார். பிரசாத்துக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் ரத்தத்தில் பழுது எங்கே என்று கண்டுபிடித்த ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் அவன் ரத்தத்தில் தேட முடியுமாம். உடனே அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

மருந்து எடுக்கிறவனைத் தேடிப் போய் வாயிலேயே குத்தினேன். பல்லும் ரத்தமும் கொட்டின. கூடவே கன்னத்தில் அடக்கியிருந்த மயிர் உருண்டையும் விழுந்தது. "வயித்துப் பொழப்புக்குச் செஞ்சேங்க" என்று அழுதான். அவனை அடித்து என்ன? உலக்கையைத் தூக்கியது நான்.

கஞ்சிகூட இறங்கவில்லை. உங்கள் கையால் ஒரு வாய் கொடுத்தால் இறங்கும் என்று தோன்றுகிறது. கேட்கத் தகுதியில்லை. வெட்கம் விட்டுக் கேட்கிறேன்.

உங்கள் கொழுந்தன்
நல்லுசாமி


தா.பழூர்
30.9.2006

தம்பிக்கு,

பிரசாத் உங்கள் ரத்தம்தான். அவன் ரிப்போர்ட்டும் அதையே சொல்கிறது. அவனுக்கும் அந்தப் பழுது இருக்கிறது.

பத்தொன்பது வயது. குழாய் விட்டுப் பார்த்ததில் இன்னும் புற்று தெரியவில்லை. வருவதற்குள் இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டால் பிழைப்பான் என்கிறார்கள். புதன்கிழமை ஆபரேஷன். உங்கள் ரிப்போர்ட் இல்லாமல் இது தெரிந்திருக்காது. அதற்கு உங்களைக் கும்பிடுகிறேன்.

உங்கள் மேல் இருக்கிற ஆத்திரம் சாகும்வரை போகாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை உங்களுக்கு என்று நொய்க்கஞ்சி காய்ச்சினேன். தூக்குவாளியில் ஊற்றும்போது, சரியாகக் கூடாத வலது கையிலிருந்து பானை நழுவி, கஞ்சி முழுக்கக் காலில் கொட்டிவிட்டது. "வுடும்மா, ஒன்னால முடியாது" என்று பிரசாத் தரையைத் துடைத்தான். மூன்று வருடமாக எனக்குச் சோறு போடுவது அவன்தான்.

நான் வந்து என்ன செய்ய? நீங்கள் கேட்கிற கையை நீங்களே உடைத்துவிட்டீர்கள், தம்பி.

ஜெயசுதா