முனை திரும்பிய இறக்கை

ஆனி 20, வெள்ளி

காற்றாலை இறக்கை ஏற்றிவந்த லாரி, சின்னமனூரில் எங்கள் தெருமுனையில் திரும்ப முடியாமல் மதியம் முழுக்க நின்றது. எங்கள் காம்பவுண்டுச் சுவரை இடித்து, அதையொட்டி நின்ற முருங்கையையும் வெட்டினால்தான் போகும் என்றார்கள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன், சண்டைக்குத்தான்.

"சுவரை நாங்களே கட்டிக் குடுத்துருவோம்க்கா" என்றார் சூப்பர்வைசர்.

"முருங்கையையும் கட்டிக் குடுப்பீகளா?"

அதற்குள் என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார். சுவரோடு முருங்கையும் போனது.

தெருவுக்கே கரண்டை நிறுத்தி, வயர்களைத் தூக்கிப் பிடித்தார்கள். லாரி நகர்ந்தது. இறக்கையின் நுனி எங்கள் வாசலுக்கு மேலே மெதுவாகச் சுற்றி வந்தது. வாலைப் பார்த்தால் தலை எந்தத் தெருவில் இருக்கிறதென்று தெரியவில்லை. கை எட்டியது. தொட்டேன். அத்தனை பெரிய பொருள் உள்ளங்கையில் லேசாக நடுங்கியது. சண்டைக்கு வந்தவள், அது கடந்துபோகும்வரை கையை எடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு வருதுக்கா. அதுவரைக்கும் சுவரு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார் சூப்பர்வைசர்.

கரண்ட் இன்னும் வரவில்லை. மெழுகுவத்தி காற்றில் அணைந்துவிடுவதால் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சுவர் இருந்த பக்கமாக, மலைக்காற்று ஜன்னல் வழியே நேரே கட்டில்வரை வருகிறது. குடிவந்த நாளிலிருந்து ஃபேனுக்கடியில்தான் படுத்திருக்கிறோம். இத்தனை காற்றும் வெளியேதான் நின்றிருக்கிறது.