சட்டைக்குள் வைத்த படம்

இன்று காலை ஸ்ரீராம்புரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கேமரா ஒன்று கிடைத்தது. எடுத்தவுடனே படத்தை வெளியே தள்ளும் நம்முடைய ரகம்தான். வீட்டுக்கு வந்து ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். தாளிலிருந்து அந்த மருந்து நெடி கிளம்பியதும், "காட்டுடா" என்று நீ பிடுங்கப்போகிறாய் என்றே நினைத்துவிட்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. என் மூக்குக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நாம் பழகியதே சண்டையில்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரே கேமராவை இருவரும் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீ கோலார் தங்கவயல்காரன், விட்டுக்கொடுக்கிற ஆளா? நீ வாங்கினாய். அதைப் பார்க்கிற சாக்கில் நான் வாராவாரம் உன் வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் குளிரில் படம் சரியாக எழும்பாது, நீலம் பாய்ந்துவிடும் என்று நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதன் பிறகு எடுத்த படத்தை உடனே சட்டைக்குள் விட்டு, உடம்புச் சூடு படும்படி நெஞ்சோடு அழுத்திக்கொள்வோம். நடைபாதையில் அப்படி நிற்கும்போது டீக்கடைக்காரர் கேட்பார்: "ஏன் சார், ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே நெஞ்சு வலியா?"

ஆஸ்பத்திரியில் யாரையும் போனில் படம் எடுக்க நீ விடவில்லை. "இந்த மூஞ்சிய ஊருக்கெல்லாம் அனுப்பிடுவாங்க. நம்ம கேமராவக் கொண்டா. ஒரே படம், பாப்பாவுக்கு மட்டும்."

நம்மிடம் மிச்சம் இருந்ததும் ஒரே தாள்தான். உன் மகள் உன் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் எடுத்தேன். தாள் வெளியே வந்ததும் நீ கை நீட்டினாய்.

"நான் வெச்சுக்கறேன்டா" என்றேன்.

"என் பொண்ணு படம். நான்தான் வைப்பேன்."

சட்டைக்குள் வைத்துக்கொண்டாய். படம் எழும்பும் நேரம் ஆனதும் அதை எடுக்க உன் கைக்குத் தெம்பு இல்லை. நான்தான் உள்ளே கை விட்டேன். தாள் சில்லென்று இருந்தது. உன் நெஞ்சும் அப்படித்தான் இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

படம் முழுக்க நீலம். உன் மகளின் கண்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. உன் முகம் எது, தலையணை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இங்க ஏசி ஜாஸ்திடா" என்றாய், மகளைப் பார்க்காமல்.

"ஆமாண்டா" என்றேன்.

படம் அவளிடம்தான் இருக்கிறது. ஃபிலிம் பழசு, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்கிறாள். சொல்லட்டும். உன் நெஞ்சின் குளிர் என் விரல்களை விட்டு இன்னும் போகவில்லை. அந்த வார்டில் ஏசியே கிடையாதுடா.