எதிரில் உட்கார்ந்து பார்த்தார்

அன்பு சரசு,

இங்கே தொப்பை உட்பட எல்லாம் நலம். உன் மூட்டுவலி தேவலையா?

வெள்ளிக்கிழமை முசஃபா ஏரியா பட்டறையில் எங்க இத்தாலிக்கார மேனேஜர் லூக்கா, தடித்தடியாக மாட்டுக்கறி சுட்டார். உள்ளே ஒரே ரத்தச் சிவப்பு. பாவம், வேகவைக்கத் தெரியலையென்று அவர் தட்டைத் தவிர எல்லார் துண்டையும் மறுபடி அடுப்பில் போட்டேன்.

"கலாஸ், எல்லாம் போச்சு மாயாண்டி! செத்த மாட்டை மறுபடி கொன்னுட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு தன் தட்டிலிருந்த சிவப்புத் துண்டை எனக்கு வைத்து, நான் மெல்லுவதையே எதிரில் உட்கார்ந்து பார்த்தார். வாயில் வெண்ணெயாய்க் கரையுது, போ! உங்கம்மாவிடம் மூச்சு விடாதே.

நான் சாப்பிடுவதை ஒருத்தர் பார்த்து எவ்வளவு நாளாச்சு!

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. கூடவே உன் போட்டோ ஒன்று. ரூமில் தட்டுக்கு எதிரில் வைக்கணும். முறைக்கிற மாதிரி இருந்தாலும் சரி.

டூட்டி வண்டி ஹாரன் அடிக்குது.

உன்
மாயாண்டி