அம்மா சொன்னதும் நான் எழுதியதும்

பெரம்பலூர்
9-2-83

அன்புள்ள செங்கமலம் அக்காவுக்கு உன் தங்கை பொன்னம்மாள் எழுதுவது. இதை யாரிடமும் காட்டாதே, மாமாவிடம்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துப் போடு. இங்கே அம்மா, அப்பா, கறவை மாடு எல்லாரும் சுகம், எனக்குத்தான் சுகமில்லை, காய்ச்சல் இல்லை, பயம். மெட்ராஸில் உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? எல்லாரும் தூங்கின பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

உன் சங்க ஆபீஸுக்கு ஒரு சம்மதக் கடிதம் வந்திருக்கும். அரியலூரில் நடக்கிற எண்ணூறு மீட்டர் ஓட்டத் தேர்வுக்கு என்னை அனுப்ப அம்மாவுக்கு முழுச் சம்மதம் என்று என் எழுத்தில், கீழே அம்மாவின் கைநாட்டு. கைநாட்டு நிஜம் அக்கா, மேலே இருப்பதுதான் நிஜமில்லை. அம்மா சொன்னது, ஒருத்தி பந்து பந்துன்னு குதிச்சு முட்டியை ஒடச்சுக்கிட்டது போதும், இவ பேரை அடிச்சுடச் சொல்லி எழுதுடி என்று. நான் தலையை ஆட்டிக்கொண்டே வேறு எழுதினேன். என்னடி, நான் ரெண்டு வார்த்தை சொன்னா நீ பக்கம் பூரா எழுதுற என்று கேட்டார்கள். மரியாதையாக எழுதினால் நீளும் என்று சொல்லி அவர்கள் பெருவிரலில் பேனா மையைத் தடவிவிட்டேன்.

அப்போது பயமில்லை. இன்றைக்கு எங்கள் விளையாட்டு டீச்சர் பஞ்சவர்ணம் உன் கதையைச் சொன்ன பிறகுதான் வந்தது. நீ வீட்டுக்குத் தெரியாமல் கூடைப்பந்து ஆடப் போய், பாதி ஆட்டத்தில் அப்பா மைதானத்துக்குள் வந்து காதைப் பிடித்துக் கூட்டிப் போனாராமே! அப்புறம் ரயில்வே அணிக்கே ஆடி, முட்டி போய், தடகளச் சங்கத்துச் செயலாளராக உட்கார்ந்ததும் நீ முதலில் போட்ட சட்டமே இந்தச் சம்மதக் கடிதமாம். போன வருஷம் பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்த பெண்ணையே கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினாயாம். உங்க அக்கா பந்து ஆடினப்ப தப்பாட்டம் நிறைய, ஆபீஸுல ஒண்ணுகூடக் கிடையாது என்று டீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே தெரிந்தால் தங்கைக்காக வளைந்தாள் என்று உன்னைத்தானே சொல்வார்கள். அதனால் அந்தக் கடிதத்தைத் தள்ளிவிடு. பேரை மட்டும் உடனே அடித்துவிடாதே. தேர்வுக்கு முந்தின நாள் வந்து நீயே அம்மாவிடம் கேள். வேண்டாம் என்றால் ஓடமாட்டேன், அழுவேன், அது வேறு. முட்டிக்கு விளக்கெண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள், இது அம்மா நிஜமாகவே சொன்னது.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். இந்நேரத்துல யாருக்குடி எழுதுற, அக்காவுக்கா, எங்கே படி, கேப்போம் என்கிறார்கள். எதைப் படிக்க அக்கா